பழைய மாத்திரை, புது எதிரி!

ஜவ்வாது மலையில் திருப்பத்தூர் மாவட்டத்தின் பக்கம் மூன்று நாடுகள் இருக்கின்றன: புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு. சாமை விளையும் மேட்டு நிலங்கள், ஒன்றுக்கொன்று எட்டி எட்டிக் கிடக்கும் குக்கிராமங்கள், நடுவே காடு. இங்கே வாழும் மலையாளி பழங்குடி மக்களில் பலர், காட்டு வேலை முடிந்ததும் கூலி தேடி கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் இறங்கிவிடுகிறார்கள். சாலை போகாத ஊர்களில் நோயாளியை டோலி கட்டித் தூக்கி வருவது இந்த மலைத்தொடருக்குப் பழகிப்போன துயரம்.

இப்படிப்பட்ட ஊரில் ஒருவருக்குக் காசநோய் வந்தால் மருந்துக்குப் பஞ்சமில்லை. அரசு இலவசமாகத் தருகிறது. முறையாகச் சாப்பிட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. முதல் 2 மாதம் நான்கு மருந்து, அடுத்த 4 மாதம் மூன்று மருந்து என்று மொத்தம் 6 மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். சில வாரங்களிலேயே காய்ச்சல் விட்டுவிடும், இருமல் தணிந்துவிடும், பசி திரும்பிவிடும். அதே நேரத்தில் மேஸ்திரி வந்து வேலைக்கு ஆள் கூப்பிடுவார். நோய் போய்விட்டது என்று நம்பி, மீதி மாத்திரை அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டு வண்டி ஏறுகிறவரை எப்படிக் குறை சொல்வது? அன்றாடம் கூலி வாங்கினால்தான் அடுப்பெரியும் வீடு அது.

ரிஃபாபென்டின், மாக்ஸிஃபிளாக்சசின் சேர்ந்த 4 மாதச் சிகிச்சை ஒன்றை உலக சுகாதார நிறுவனம் ஏற்றிருக்கிறது. ஆனால் நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 6 மாத முறைதான் நடப்பில் இருக்கிறது. இந்த 6 மாதத்தைக் குறைக்க உலகம் முழுக்கப் புது மருந்து தேடிக்கொண்டிருக்க, சென்னையிலும் கேம்பிரிட்ஜிலும் சிலர் வேறொரு கேள்வியைக் கேட்டார்கள். ரத்த அழுத்தத்துக்கும், சர்க்கரைக்கும், வயிற்று எரிச்சலுக்கும் ஏற்கெனவே கோடிக்கணக்கானோர் சாப்பிடும் மாத்திரைகளில் ஏதாவது, காசநோய்க் கிருமியின் பலத்தைக் குறைக்குமா? கிருமியை அது கொல்லவே வேண்டாம். அதன் கேடயத்தைப் பிடுங்கிக் கொடுத்தால் போதும். கொல்வதை நம்மிடம் இருக்கும் டி.பி. மருந்தே பார்த்துக்கொள்ளும்.

மலைக்கு ஏன் அவசரம்?

இந்தக் கேள்வி ஜவ்வாது மலைக்கு ஏன் அவசரமானது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், பல மாநிலப் பழங்குடி மக்களிடையே நடத்திய ஆய்வு 2021-ல் வெளியானது. லட்சத்துக்கு 432 பேருக்கு நுரையீரல் காசநோய் இருப்பதாக அது மதிப்பிட்டது. அதற்கும் முன்பே, அந்த நிறுவனம் காசநோய் ஆராய்ச்சி மையம் என்ற பெயரில் இருந்த காலத்தில், பழைய வட ஆர்க்காடு மாவட்டப் பழங்குடி மக்களிடையே தனியாக ஒரு காசநோய்க் கணக்கெடுப்பு நடத்தி, முடிவை 2001-ல் வெளியிட்டது. இன்றைய திருப்பத்தூர் மாவட்டம் அந்த வட ஆர்க்காட்டின் ஒரு துண்டு. ஆக, மலையில் நோய் இருப்பது யாருக்கும் தெரியாத செய்தி அல்ல. கால் நூற்றாண்டாக ஏட்டில் இருக்கிறது.

இந்த நிறுவனத்தின் வரலாற்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1956-ல் மெட்ராஸில் தொடங்கப்பட்டபோது அதற்கு முன் இருந்தது ஒரே கேள்விதான். சானடோரியத்தில் படுக்கை கிடைக்காத ஏழை, தன் வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டுக் குணமடைய முடியுமா? நல்ல சாப்பாடு, நல்ல காற்று, ஓய்வு எதுவும் இல்லாத நெரிசலான வீடுகளில் இருந்தவர்களை, சானடோரியத்தில் வைத்துப் பராமரிக்கப்பட்டவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1959-ல் வந்த பதில்: முடியும். அந்த ஒரு முடிவு உலகெங்கும் சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்தது. புதூர்நாட்டில் ஒரு நோயாளி இன்று தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மருந்து சாப்பிட முடிகிறதென்றால், அதற்கு வேர் மெட்ராஸில் இருக்கிறது.

கிருமி எப்படித் தப்பிக்கிறது?

காசநோய்க் கிருமி உடம்புக்குள் நுழைந்ததும் அதை விழுங்க ஒரு வெள்ளணு வருகிறது. பெருவிழுங்கி என்று பெயர். பெரும்பாலான கிருமிகள் அதன் வயிற்றில் செரித்துப்போகும். காசநோய்க் கிருமியோ அங்கேயே குடித்தனம் நடத்தும். உள்ளே வெள்ளணு அதன்மேல் நச்சுப் பொருள்களை ஏவுகிறது. பிழைத்திருக்க, கிருமி தன் உடற்சுவரில் நுண்ணிய பம்புகளை முடுக்கிவிடுகிறது. ஓட்டைப் படகில் ஏறும் தண்ணீரை இறைத்துக் கொட்டுவதுபோல, உள்ளே வரும் நஞ்சை அந்தப் பம்புகள் வெளியே தள்ளுகின்றன. கெடுதி என்னவென்றால், நாம் கொடுக்கும் முக்கிய டி.பி. மருந்தான ரிஃபாம்பிசினையும் அதே பம்புகள் வெளியே தள்ளிவிடுகின்றன.

மரபணு மாறி மருந்துக்கு அடங்காமல் போகும் கிருமி வேறு, இது வேறு. இங்கே மரபணுவில் எந்த மாற்றமும் இல்லை. வெள்ளணுவுக்குள் இருக்கும்வரை மருந்தைத் தாக்குப்பிடிக்கிறது, அவ்வளவுதான். சில வாரங்களில் முடிய வேண்டிய சிகிச்சை மாதக்கணக்கில் இழுப்பதற்கு இந்தத் தாக்குப்பிடிப்பு ஒரு முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது.

இதை 2011-ல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது லலிதா ராமகிருஷ்ணனின் குழு. பரோடாவில் வளர்ந்து மருத்துவம் படித்த லலிதா, இப்போது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர். ரைபோசோம் ஆய்வுக்காக 2009-ல் நோபல் பரிசு பெற்ற, சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனின் தங்கை. லலிதா ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட உயிரினம் வரிக்குதிரை மீன். அதன் குஞ்சு கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடம்பு கொண்டது. காசநோய்க் கிருமிக்கு நெருங்கிய உறவான மீன் கிருமியை அதற்குள் செலுத்தினால், வெள்ளணு அதை விழுங்குவதையும், அது அங்கே பெருகுவதையும் உயிரோடு இருக்கும்போதே நுண்நோக்கியில் பார்க்கலாம்.

பம்புதான் குற்றவாளி என்றால் பம்பை அடைப்பது எது? பதில் ஏற்கெனவே மருந்துக் கடை அலமாரியில் இருந்தது: வெராபமில். இதயத் துடிப்புக் கோளாறுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் 1960-களிலிருந்து பயன்பாட்டில் இருக்கும் மாத்திரை. வெள்ளணுவுக்குள் இருந்த கிருமிகளின்மேல் ரிஃபாம்பிசினோடு வெராபமிலையும் சேர்த்துக் கொடுத்தபோது, தாக்குப்பிடிக்கும் பலம் குறைந்தது. எலிகளில் வேறு குழுக்கள் செய்த சோதனைகளிலும், வெராபமில் சேர்த்தபோது கிருமிகள் விரைவாகக் குறைந்தன.

எலியிலிருந்து மனிதருக்கு வரும்போது ஒரு முட்டுக்கட்டை. ரிஃபாம்பிசின் நம் கல்லீரலைத் தூண்டி, வெராபமிலை வெகு வேகமாகச் சிதைக்க வைத்துவிடும். சாதாரண அளவில் கொடுத்தால் ரத்தத்தில் போதுமான மருந்து தங்காது. அளவைக் கூட்டினால் இதயத்துக்குப் பாதுகாப்பா? இதைத் தெரிந்துகொள்ள, சென்னை நிறுவனம் கேம்பிரிட்ஜ் குழுவோடு சேர்ந்து, சிகிச்சையில் இருந்த காசநோயாளிகளிடம் அளவு காணும் ஆய்வை நடத்தியது. ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்களுக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் அளவு தேவைப்படும் என்பது அதில் உறுதியானது. வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது சின்ன வேலையாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. கண்ணாடி மீன் குஞ்சில் பார்த்த ஒன்றை மனிதரின் மாத்திரையாக மாற்ற, இப்படி ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டியிருக்கிறது.

2023-ல் அதே கேம்பிரிட்ஜ் குழு இன்னொரு செய்தி சொன்னது. ஓமிப்ரசோல் முதலான, நாம் 'கேஸ் மாத்திரை' என்று கேட்டு வாங்கும் வகை மருந்துகளும் ஆய்வகத்தில் அந்தப் பம்பைத் தடுக்கின்றன. வெராபமிலைப் போலன்றி, இதயத்தைத் தொடாத மருந்துகள் இவை என்பதால் நம்பிக்கை கூடியது. ஆனால் இது வெள்ளணுவில் பார்த்த முடிவு. நோயாளியிடம் பார்த்த முடிவு அல்ல. இந்த வேறுபாட்டை வாசகர் மறக்கக் கூடாது என்பதற்குக் காரணம், அடுத்து வரும் மெட்ஃபார்மின் கதை.

சர்க்கரை மாத்திரைக்கு வைத்த பரீட்சை

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாதாந்திர மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் இந்தத் திட்டத்தின் பையில் தவறாமல் இருப்பது மெட்ஃபார்மின்.

சர்க்கரை நோயும் காசநோயும் ஒன்றுக்கொன்று துணை போகும் நோய்கள். சர்க்கரை இருப்பவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு 2 முதல் 3 மடங்கு அதிகம். 2014-ல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். மெட்ஃபார்மின் வெள்ளணுவை முடுக்கிவிட்டு, விழுங்கிய கிருமியை அதுவே அழிக்க உதவுகிறது. எலிகளில் நுரையீரல் சேதம் குறைகிறது. சர்க்கரைக்காக மெட்ஃபார்மின் சாப்பிட்ட காசநோயாளிகளின் நிலைமையும் மேலாக இருந்தது. வெராபமில் கிருமியின் கையைக் கட்டுகிறது. மெட்ஃபார்மின் நம் வெள்ளணுவின் கையை வலுவாக்குகிறது. இரண்டு வழியிலும் கிருமிக்கு இடம் குறைகிறது.

உலகம் இதைப் பேசிக்கொண்டிருக்க, பரீட்சை வைத்தது சென்னை. சர்க்கரை நோய் இல்லாத 322 காசநோயாளிகளை எடுத்துக்கொண்டு, ஒரு பாதிக்கு வழக்கமான மருந்தும், மறு பாதிக்கு அதோடு மெட்ஃபார்மினும் கொடுத்தார்கள். 2022-ல் முடிவு வெளியானது. சளியிலிருந்து கிருமி மறைய இரண்டு குழுக்களுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு, சுமார் 6 வாரம் பிடித்தது. மெட்ஃபார்மின் வேகம் எதையும் கூட்டவில்லை.

இதைத் தோல்வி என்று சிலர் எழுதினார்கள். நான் உடன்படவில்லை. ஒன்று, அதே ஆய்வில் மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்கு ரத்தத்தில் அழற்சியின் அடையாளங்கள் குறைந்திருந்தன. எக்ஸ்ரேயில் நுரையீரல் பொத்தல்களும் குறைந்திருந்தன. காசநோய் குணமான பிறகும் மூச்சு வாங்கி, மேடு ஏற முடியாமல், சுமை தூக்க முடியாமல் வாழ்கிறவர்கள் ஏராளம். மலையில் நடந்தே பிழைக்கிறவருக்கு நுரையீரல் எவ்வளவு மிச்சமாகிறது என்பது, கிருமி எத்தனை நாளில் போனது என்பதற்குச் சற்றும் குறையாத கேள்வி. இரண்டு, எலியில் ஜெயித்த மருந்து மனிதரிடம் என்ன செய்யும் என்று ஊகத்தில் விடாமல், நேர்மையாகச் சோதித்து, எதிர்பார்த்தது நடக்கவில்லை என்று உரக்கச் சொல்வதுதான் அறிவியல். அந்த நேர்மை இல்லாமல் பழைய மாத்திரைகளைப் புது நோய்க்கு அள்ளி விட்டால் என்ன ஆகும் என்பதைக் கொரோனா காலத்தில் கண்ணால் பார்த்தோம்.

டப்ளினில் தோற்று, வேலூர் மண்ணில் நிலைத்து...

முழுமையாகப் பலித்த கதையும் ஒன்று உண்டு. அந்தக் கதை நம் ஊர் வழியாகப் போகிறது.

1950-களில் அயர்லாந்தின் டப்ளினில் வின்சென்ட் பாரி என்ற வேதியியலாளரின் குழு காசநோய்க்கு மருந்து தேடியது. அவர்கள் தொடங்கிய இடம், நம் சமையலில் மணத்துக்குச் சேர்க்கும் கல்பாசியின் இனமான லைக்கன். அதிலிருந்து கிடைத்த பொருளைப் பிடித்துக்கொண்டு, பல வேதிமாற்றங்களுக்குப் பிறகு செந்நிறப் பொருள் ஒன்றைச் செய்தார்கள். அதுதான் குளோஃபாசிமின். எலிகளில் நன்றாக வேலை செய்தது. வேறு விலங்குகளில் சரிவரவில்லை. காசநோய் மருந்தாக அதைக் கைவிட்டார்கள்.

1960-களின் தொடக்கத்தில் நைஜீரியாவில் பணியாற்றிய ஸ்டான்லி பிரவுன் என்ற மருத்துவர் அதைத் தொழுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். தொழுநோய்க் கிருமியும் காசநோய்க் கிருமியும் ஒரே குடும்பம். மருந்து பலித்தது. டாப்சோன், ரிஃபாம்பிசின், குளோஃபாசிமின் மூன்றையும் சேர்த்த கூட்டுச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981-ல் பரிந்துரைத்தது. வேலூர், திருப்பத்தூர் வட்டாரத்துப் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரி தொழுநோய் மருத்துவமனை 1950-களிலிருந்து இந்த மண்ணில் இருக்கிறது. ஒரு காலத்தில் நாட்டிலேயே தொழுநோய் மிகுந்திருந்த பகுதிகளில் ஒன்று வட ஆர்க்காடு. மாதாமாதம் கொடுத்த அந்த மாத்திரை அட்டையும், அதைச் சாப்பிட்டால் தோல் கறுத்துப்போவதும் பல குடும்பங்களின் நினைவில் இருக்கும். அப்படி நிறம் மாறச் செய்தது குளோஃபாசிமின்தான். நிறுத்தினால் மெல்ல மாறிவிடும்.

சுமார் அரை நூற்றாண்டு கழித்து அந்த மருந்து, பிறந்த காரணத்துக்கே திரும்பி வந்தது. பல மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு அதைச் சேர்க்கத் தொடங்கினார்கள். சென்னை நிறுவனத்தின் தலைமையில் நடந்த 'பீட் டி.பி.' ஆய்வில், மருந்துகளுக்கு மிகவும் அடங்காத காசநோய் கொண்ட 165 பேருக்கு பெடாகுவிலின், டெலாமனிட், லினசோலிட், குளோஃபாசிமின் நான்கையும் 6 முதல் 9 மாதம் கொடுத்தார்கள். 91 விழுக்காட்டினருக்கு நல்ல பலன். முன்பு ஒன்றரை, இரண்டு வருடம் ஊசியும் மாத்திரையுமாக வதைபட்டு, பாதிப் பேர்கூடத் தேறாத நோய் இது. அந்த நான்கில் லினசோலிட்டும் வேறு வேலைக்காக வந்த மருந்துதான். நிமோனியாவுக்கும் தோல் தொற்றுக்கும் என்று 2000-ல் சந்தைக்கு வந்தது.

இன்னும் பின்னால் போனால், டி.பி. சிகிச்சையின் முதுகெலும்பான ஐசோனியசிட்டே 1912-ல் பிராகில் இரண்டு வேதியியலாளர்கள் தயாரித்த சாதாரண வேதிப்பொருள். அது காசநோய்க் கிருமியைக் கொல்லும் என்று தெரிய சுமார் 40 வருடம் பிடித்தது. அந்த 40 வருடத்தில் செத்தவர்களை எண்ணிப் பார்க்கிறபோது, இன்று அலமாரியில் இருக்கும் மருந்துகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதிக்கும் வேலையை யாரும் தள்ளிப்போட உரிமை இல்லை என்றே தோன்றுகிறது.

கொல்கத்தாவின் பொறுமை, மும்பையின் அவசரம்

நம் நாட்டில் இந்த வழியில் முன்னே நடந்தவர்களில் முக்கியமானவர், கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் சுஜாதா தஸ்திதார். மனநோய் மருந்து, ஒவ்வாமை மருந்து, வலி நிவாரணியான டைக்ளோஃபெனாக் என்று கிருமிக்குச் சம்பந்தமே இல்லாத மருந்துகள் கிருமிகளை அடக்குவதை, அவரும் உடன் பணியாற்றியவர்களும் பல பத்தாண்டுகளாகப் பதிவு செய்துவந்தார்கள்.

அவர்கள் ஆராய்ந்த குடும்பத்தைச் சேர்ந்த மனநோய் மருந்து தையோரிடசின். மும்பையில் நுரையீரல் மருத்துவர் ஜரீர் உத்வாடியாவின் குழு, வேறு எந்த மருந்தும் கைகொடுக்காத காசநோயாளிகள் சிலருக்கு அதைக் கொடுத்துப் பார்த்து 2011-ல் எழுதியது. கைவிடப்பட்ட நோயாளிக்கு மருத்துவர் எடுக்கும் கடைசி முயற்சி அது. ஆனால் தையோரிடசின் இதயத் துடிப்பின் தாளத்தைக் குலைக்கக் கூடியது. அந்தக் காரணத்தால் அசல் நிறுவனமே 2005-ல் அதை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது. பழைய மருந்து என்றாலே பாதுகாப்பான மருந்து என்று நினைப்பவர்கள் இந்த ஒரு பெயரை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

யார் பணம் போடுவது?

காப்புரிமை முடிந்த மாத்திரைக்கு உரிமையாளர் இல்லை. வெராபமிலையும் மெட்ஃபார்மினையும் ஓமிப்ரசோலையும் எந்தக் கம்பெனியும் தயாரிக்கலாம். சில ரூபாய்க்கு விற்கலாம். அதனால், அது டி.பி.க்கும் உதவுமா என்று நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் வருடக்கணக்கில் சோதிக்க எந்தக் கம்பெனியும் செலவு செய்யாது. லாபம் வராத இடத்தில் தனியார் பணம் நிற்காது. அப்போது மிஞ்சுவது பொதுப்பணம். உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். மாத்திரைகளை மலிவாகச் செய்யும் ஆற்றலும் நம்மிடம் இருக்கிறது. சோதித்துப் பார்க்கும் அனுபவமும் சென்னையில் இருக்கிறது. இந்தச் சோதனைகளுக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டியது மத்திய, மாநில அரசுகளின் கடமை. அந்தச் சோதனைகளில் மலை மக்களும் இடம்பெற வேண்டும். ஒல்லியான உடம்பு, ரத்தசோகை, நெடுந்தூர நடை, மாதக்கணக்கில் வெளியூர் வேலை என்று வாழும் ஒருவரிடம் மருந்து எப்படி நடந்துகொள்ளும் என்பதை நகர மருத்துவமனைக்கு வருகிறவர்களை மட்டும் வைத்துத் தெரிந்துகொள்ள முடியாது.

எந்த மாத்திரையும் சோற்றுக்கு மாற்றாகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜார்க்கண்டில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2023-ல் வெளியானது. காசநோயாளியின் வீட்டாருக்குக் கூடுதல் உணவுப்பொருள் கொடுத்தபோது, அந்த வீட்டில் புதிதாக நோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. தமிழக அரசின் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' 2022-லிருந்து, நோய் கண்டவுடன் உடல் எடை, மூச்சு வேகம், கால் வீக்கம், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கச் சொல்கிறது. எடை பார்க்கும் தராசும் விரலில் மாட்டும் கருவியும் மலையின் கடைசிக் குடியிருப்பு வரை போக வேண்டும். காசநோயாளிக்கு அரசு தரும் ஊட்டச்சத்து உதவித்தொகை, மாதம் 500 ரூபாயாக இருந்து 2024 நவம்பரில் 1,000 ரூபாயாகியிருக்கிறது. அது தடையில்லாமல் கையில் கிடைக்க வேண்டும்.

கடைசியாக வாசகர்களுக்கு. இதைப் படித்துவிட்டு யாரும் கடையில் வெராபமிலோ, மெட்ஃபார்மினோ, கேஸ் மாத்திரையோ வாங்கிக் காசநோய்க்குச் சாப்பிட வேண்டாம். நெஞ்செரிச்சலுக்குச் சாப்பிடும் சில அமில நீக்கிகள், டி.பி. மருந்து உடம்பில் சேர்வதையே குறைத்துவிடும். எதுவானாலும் மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவு இருந்தால், அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியைக் கொடுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். வெளியூர் வேலைக்குக் கிளம்புகிறீர்கள் என்றால், கிளம்பும் முன் அங்கே சொல்லுங்கள். போகும் ஊரிலேயே மருந்து கிடைக்க ஏற்பாடு செய்து தருவார்கள்.